ஒன்றும் மாறாதபோது கட்டளை என்ன எண்ணைத் திருப்ப வேண்டும்?

கட்டளைவரிக் கருவி ஒவ்வொன்றும் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறும்போது, தன்னை அழைத்த நிரலிடம் ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. இதனை வெளியேறு குறியீடு என்பர். கணினித் துறையில் எக்சிட் கோடு என்றே பெரும்பாலும் வழங்குகிறது. யூனிக்ஸ், லினக்ஸ் வகை இயங்குதளங்களின் ஷெல்லில் இவ்வெண் 0 முதல் 255 வரை அமையும். 0 என்றால் வெற்றி, மற்றவை எல்லாம் தோல்வி. எண்கணிதத்தில் சுழியம் பெற்றவன் தோற்றவன் என்று பழகிய மாணவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். காரணம் எளியது. ஒரு வேலை சரியாக முடிவதற்கு ஒரே வழிதான் உண்டு, கெடுவதற்குப் பல வழிகள் உண்டு. ஆகவே வெற்றிக்கு ஓர் எண்ணை ஒதுக்கிவிட்டு, தோல்வியின் வகைகளுக்கு எஞ்சிய 255 எண்களையும் விட்டிருக்கிறார்கள். கட்டளையே இல்லை என்றால் 127, கோப்பு இருந்தும் இயக்க முடியவில்லை என்றால் 126, கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால் 130 என்று ஷெல் தானாகத் தரும் எண்களும் இவற்றுள் அடக்கம்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இந்த இரட்டைப் பாகுபாட்டில் எளிதில் அடங்காதது. கருவி பிழையின்றி இயங்கியது, ஆனால் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. தேடிய சொல் இல்லை, பதிய வேண்டிய மாற்றம் இல்லை, நகலெடுக்கப் புதிய கோப்பு இல்லை. அப்போது அது 0 என்று சொல்ல வேண்டுமா, வேறு எண் சொல்ல வேண்டுமா? நாள்தோறும் புழங்கும் கருவிகளே இதில் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அந்த முரண்பாட்டுக்குச் சில இடங்களில் நல்ல காரணம் உண்டு. சில இடங்களில் இல்லை என்பது என் கருத்து.

ஒரே கோப்பு, இரண்டு விடை

மாணவர்கள் இதைத் தம் முனையத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு கோப்பில் இல்லாத ஒரு சொல்லைக் கிரெப் கொண்டு தேடுங்கள். பின்பு எக்கோ கட்டளையுடன் டாலர் குறியையும் கேள்விக்குறியையும் சேர்த்து இட்டால் கடைசிக் கட்டளையின் வெளியேறு குறியீடு திரையில் வரும். விடை 1. இப்போது அதே சொல்லை வேறொரு சொல்லாக மாற்றும்படி செட் என்னும் தொடர் திருத்தியை அதே கோப்பின்மேல் இயக்குங்கள். அதுவும் அச்சொல்லைக் காணவில்லை, ஒரெழுத்தும் மாறவில்லை. ஆனால் விடை 0.

இரண்டும் ஒரே ஆய்வுக்கூடத்தில், பெல் ஆய்வகத்தில், 1970-களில் பிறந்த கருவிகள். ஆகவே தெரியாத்தனம் என்று தள்ளிவிட முடியாது. கிரெப்பிடம் நாம் கேட்பது கேள்வி: இந்தச் சொல் இருக்கிறதா? ‘இல்லை’ என்பது அக்கேள்விக்குரிய விடைகளில் ஒன்று. ஷெல்லில் ‘இருந்தால் இதைச் செய்’ என்று நிபந்தனை எழுதுவதற்கு வெளியேறு குறியீடுதான் கருவி. எனவே ‘ஆம்’ என்பதை 0 ஆகவும் ‘இல்லை’ என்பதை 1 ஆகவும் வைத்திருக்கிறார்கள். செட்டிடம் நாம் கேட்பது கேள்வி அன்று, ஏவல்: எங்கெல்லாம் இச்சொல் உண்டோ அங்கெல்லாம் மாற்று. எங்கும் இல்லை என்றால் ஏவல் முழுமையாக நிறைவேறிவிட்டதாகவே கணக்கு. வெற்றுக் கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் எந்தக் கூற்றும் உண்மை என்று உயர்நிலை வகுப்பில் கற்பிப்போமே, அதே தர்க்கம்தான்.

பள்ளியில் அலுவலக உதவியாளரை அழைத்து, ‘சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு வாருங்கள்’ என்று அனுப்புகிறோம். அவர் போய்ப் பார்த்தால் எல்லாம் ஏற்கனவே சாத்தியிருக்கின்றன. திரும்பி வந்து ‘சாத்தியாயிற்று ஐயா’ என்றால் அது பொய்யன்று. நமக்கு வேண்டியது சன்னல் சாத்தியிருப்பது. சாத்தியவர் யார் என்பது நமக்குத் தேவையில்லை. அவரையே ‘எந்த வகுப்பிலாவது சன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்து வாருங்கள்’ என்று அனுப்பியிருந்தால் விடை வேறாக இருந்தாக வேண்டும்.

எம்கேடிர் கட்டளையில் இந்த இரண்டு மனநிலையும் ஒரே கருவிக்குள் இருப்பதைக் காணலாம். ஏற்கனவே இருக்கும் அடைவை உருவாக்கச் சொன்னால் அது மறுத்து 1 தரும். -பி என்ற விருப்பத்தேர்வுடன் சொன்னால் 0 தரும். முதல் வகை பிடிவாதம் என்று தோன்றலாம். ஆனால் இரண்டு ஸ்கிரிப்ட்கள் ஒரே நேரத்தில் ஒரு வேலையைத் தொடாமல் இருக்க, ‘பூட்டு’ என்ற பெயரில் ஓர் அடைவை உருவாக்கிப் பார்க்கும் பழைய உத்தி ஒன்று உண்டு. உருவாக்க முடிந்தவன் உள்ளே போகலாம், 1 பெற்றவன் காத்திருக்க வேண்டும். இங்கே ‘ஏற்கனவே இருக்கிறது’ என்பதே முழுச் செய்தி. -பி இடும்போது நாம் சொல்வது வேறு: அடைவு இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். அப்போதும் அந்தப் பெயரில் அடைவுக்குப் பதில் ஒரு சாதாரணக் கோப்பு இருந்தால் அது 0 தருவதில்லை. ஆர்எம் கட்டளையின் -எஃப் விருப்பத்தேர்வும் அப்படியே. நீக்கச் சொன்ன கோப்பு இல்லை என்றால் 0. கோப்பு இருந்து, நீக்க அனுமதி இல்லை என்றால் 1. ‘செய்ய ஒன்றுமில்லை’ என்பதையும் ‘செய்ய முடியவில்லை’ என்பதையும் குழப்பாத இந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன்.

டிஃப் விட்டுச் சென்ற மரபு

இரண்டு கோப்புகளை ஒப்பிடும் டிஃப் கருவி மூன்று எண்களைப் பயன்படுத்துகிறது. வேறுபாடு இல்லை என்றால் 0, வேறுபாடு உண்டு என்றால் 1, கோப்பைத் திறக்க முடியாமை போன்ற தொல்லை என்றால் 2. கிரெப்பும் இதே மூன்று படியைத்தான் கொண்டிருக்கிறது: கிடைத்தது 0, கிடைக்கவில்லை 1, பிழை 2. போசிக்ஸ் தரம் இரண்டுக்குமே பிழை என்பது 1-ஐ விடப் பெரிய எண்ணாக இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. மேக் கருவியை -கியூ என்று கேள்வி முறையில் இயக்கினாலும் இதே வரிசை. எல்லாம் புதிதாகவே உள்ளன என்றால் 0, மீண்டும் கட்ட வேண்டியது உண்டு என்றால் 1, பிழை என்றால் 2. கியூபர்நெட்டிஸ் உலகின் கியூப்சிடிஎல் டிஃப் பிற்காலத்தில் வந்தபோதும் இம்மரபையே பின்பற்றியது.

இம்மரபின் சிறப்பு 0-க்கும் 1-க்கும் என்ன பொருள் என்பதில் இல்லை. பிழைக்குத் தனி இடம் ஒதுக்கியதில்தான் இருக்கிறது. ‘இல்லை’ என்ற விடையும் ‘எனக்குத் தெரியவில்லை’ என்ற விடையும் ஒரே எண்ணில் வருவதில்லை.

இதில் பொறிகளும் உண்டு. பொருந்தும் வரிகளை எண்ணித் தரும்படி கிரெப்பை -சி விருப்பத்தேர்வுடன் அழைத்தால், ஒன்றும் இல்லாதபோது திரையில் 0 என்று சரியாகவே அச்சிடும், ஆனால் வெளியேறு குறியீடு 1. எக்ஸ்ப்ர் கட்டளையிடம் ஐந்திலிருந்து ஐந்தைக் கழிக்கச் சொன்னால் 0 என்று சரியான விடையை அச்சிட்டுவிட்டு 1 என்று வெளியேறும். விடைத்தாளில் சரியாக எழுதிய மாணவனுக்குச் சுழியம் போடுவதுபோல என்று முதல் முறை கண்டபோது எனக்குத் தோன்றியது.

கிட் கமிட்டும் என் இரவு ஸ்கிரிப்டும்

பிழை கண்டதும் நின்றுவிடும்படி ஷெல்லுக்கு ஓர் அமைப்பு உண்டு. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் அதை இட்டுவிட்டால், எந்தக் கட்டளையாவது 0 அல்லாத எண்ணைத் தந்தவுடன் முழு ஸ்கிரிப்டும் நிற்கும். இது நல்ல பழக்கம் என்று எல்லாப் பயிற்சி நூல்களும் சொல்லும். கிட்ஹப் ஆக்‌ஷன்சில் பேஷ் ஷெல் இயல்பாகவே இந்த அமைப்புடன்தான் இயங்குகிறது. எனவே ‘ஒன்றும் மாறவில்லை’ என்பதற்கு ஒரு கருவி 1 தந்தால், அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும் வேலைகள் அனைத்தும் நடக்காமல் போகும்.

கிட் கமிட் அப்படிப்பட்ட கருவி. பதிய ஒன்றுமில்லை என்றால் ஒரு செய்தியை அச்சிட்டு 1 தரும். கிட் புஷ், அனுப்ப ஒன்றுமில்லாதபோது 0 தரும். கிட் புல்லும் 0 தரும். மெர்க்குரியலில் கமிட் மட்டுமன்று, புஷ்ஷும் அனுப்ப ஒன்றுமில்லை என்றால் 1. சப்வெர்ஷனில் கமிட் செய்ய ஒன்றுமில்லை என்றால் ஓசையின்றி 0. மூன்றும் ஒரே வகை வேலை செய்யும் கருவிகள்.

பணி ஓய்வுக்குப் பிறகு நண்பர்கள் சிலரோடு எங்கள் வட்டாரச் சொற்களைத் தொகுத்து வருகிறேன். சொற்கள் உரைக் கோப்புகளில் இருக்கும், அவற்றின் வரலாறு கிட்டில். ஒலிப்பதிவுகள் பெரியவை, ஆகையால் கிட்டுக்கு வெளியே ஓர் அடைவில். இரவுதோறும் ஒரு ஸ்கிரிப்ட் முதலில் உரைகளைக் கமிட் செய்யும், பின்பு எல்லாவற்றையும் ஆர்சிங்க் கொண்டு வேறொரு வட்டில் நகலெடுக்கும். பிழை கண்டதும் நில் என்ற அமைப்பையும் கடமை தவறாமல் இட்டிருந்தேன்.

யாரும் உரை தட்டச்சு செய்யாத நாள்களில் கமிட் 1 தந்தது, ஸ்கிரிப்ட் நின்றது, அன்று பதிவான ஒலிகள் நகலாகவில்லை. இது தெரிந்ததும் பலரும் செய்வதையே நானும் செய்தேன். கமிட் கட்டளைக்குப் பின்னால், ‘தோற்றாலும் வென்றதாகக் கொள்’ என்ற பொருளில் இரட்டைக் குத்துக்கோடும் ட்ரூ என்ற சொல்லும் சேர்த்துவிட்டேன். இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஓர் இரவு கமிட் நடந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று. கிட் தன் பாதுகாப்புக்காக வைக்கும் பூட்டுக் கோப்பு அழிக்கப்படாமல் தங்கிவிட்டது. அதற்கு மறுநாளிலிருந்து ஒவ்வோர் இரவும் கிட், பூட்டு இருக்கிறது, பதிய முடியவில்லை என்று 128 தந்தது. என் ஸ்கிரிப்ட் அதையும் வெற்றியாகவே எடுத்துக்கொண்டது. 19 நாள் கழித்து, ஒரு கோப்பின் பாதியைத் தவறுதலாக அழித்துச் சேமித்துவிட்ட நண்பர் முந்தைய வாரத்து வடிவத்தைக் கேட்டபோதுதான், வரலாறு 19 நாளுக்கு முன்பே நின்றுவிட்டது தெரிந்தது. ஆர்சிங்க்கோ பாதி அழிந்த கோப்பையே விசுவாசமாக நகலெடுத்து வைத்திருந்தது. 140 சொற்களைப் பழைய குறிப்பேடுகளிலிருந்து மீண்டும் தட்டச்சு செய்தோம். நான்கு சொற்களுக்குக் குறிப்பேடு இல்லை. அவற்றைச் சொன்ன பாட்டி அப்போது உயிரோடு இல்லை.

தவறு என்னுடையது, அதில் ஐயமில்லை. 1-ஐ மட்டும் பொறுத்துக்கொள்ளும்படி எழுதியிருக்க வேண்டியவன் எல்லா எண்களையும் விழுங்கச் சொன்னேன். ஆயினும் ஒரு விமர்சனம் எஞ்சுகிறது. 1-ஐ மட்டும் பொறுத்துக்கொண்டிருந்தாலும் நான் பாதுகாப்பாக இருந்திருப்பேனா? கமிட்டுக்கு முன் கோப்புகளைச் சரிபார்க்கும் ஹூக் ஒன்று மறுத்தாலும் கிட் கமிட் 1 தான் தரும். கமிட் செய்தி வெறுமையாக இருந்தாலும் 1 தான். ‘மாற்றம் இல்லை’, ‘சோதனை மறுத்தது’, ‘செய்தி எழுதவில்லை’ ஆகிய மூன்றும் ஒரே எண்ணில் வருகின்றன. கிட் கமிட் 1 தருவதை நான் குறை சொல்லவில்லை. அதன் ஏவல் ‘புதிய பதிவு ஒன்றை உண்டாக்கு’ என்பது. பதிவு உண்டாகவில்லை என்றால் வெற்றி என்று சொல்ல அது தயங்குவது நியாயமே. அந்த எண்ணைப் பிழைகளோடு பங்கிட்டுக்கொள்வதே குறை.

அச்சிடப்பட்ட செய்தியைப் படித்து வேறுபடுத்தலாமே என்பார்கள். கிட்டின் செய்திகள் கணினியின் மொழி அமைப்புக்கேற்ப மொழிபெயர்க்கப்படுபவை. ஆங்கிலத் தொடரைத் தேடும் ஸ்கிரிப்ட் ஜெர்மன் அமைப்புள்ள கணினியில் ஒன்றும் காணாது. எண் என்பது அப்படி மொழி மாறாத ஒன்று என்பதால்தானே அதை நாடுகிறோம்.

எண்களைக் கூட்டிப் பார்த்தவர்கள்

இச்சிக்கலை உணர்ந்து விடை தேடிய கருவிகளும் உள்ளன. டெர்ராஃபார்ம் என்னும் கருவி, வழங்கிகளின் அமைப்பை எழுத்தில் உள்ளபடி கொண்டுவருவது. அதன் பிளான் கட்டளை வழக்கமாக மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 0 தரும். விரிவான குறியீடு வேண்டும் என்று தனியே கேட்டால் மாற்றம் இல்லை 0, பிழை 1, மாற்றம் உண்டு 2 என்று தரும். கவனியுங்கள்: டிஃப்பில் 1 வேறுபாடு, 2 பிழை. இங்கே நேர்மாறு. இதைக் கண்டு எரிச்சல் கொள்வோர் உண்டு. ஆனால் யோசித்தால் காரணம் புலப்படுகிறது. விருப்பத்தேர்வு இடாதபோது பிழைக்கு 1 என்றிருக்கையில், இட்டவுடன் அதே 1-க்கு வேறு பொருள் வந்தால் அது இன்னும் பெரிய குழப்பம். ஆகவே பழைய எண்ணைத் தொடாமல் புதிய எண்ணைச் சேர்த்தார்கள். பப்பெட் கருவியிலும் விரிவான குறியீடு கேட்டால் மட்டும் மாற்றம் நடந்ததற்கு 2, சில பகுதிகள் தோற்றதற்கு 4, இரண்டும் என்றால் 6. ஃபெடோரா வகை லினக்சின் டிஎன்எஃப், புதிய பதிப்புகள் உள்ளனவா என்று பார்க்கச் சொன்னால், உண்டு என்பதற்கு 100 தருகிறது. யாருடைய எண்ணோடும் மோதாத தூரத்தில் போய் நின்றுகொண்டது.

விண்டோசின் ரோபோகாப்பி இதை வேறொரு கோணத்தில் செய்தது. நகலெடுக்க ஒன்றுமில்லை என்றால் 0, கோப்புகள் வெற்றிகரமாக நகலாயின என்றால் 1, 8-உம் அதற்கு மேலும் என்றால்தான் தோல்வி. உள்ளே பார்த்தால் ஒழுங்கான அமைப்பு. ஒவ்வோர் இருமடி எண்ணும் ஒரு செய்தி, கூட்டினால் எல்லாச் செய்தியும் தெரியும். ஆனால் 0 மட்டுமே வெற்றி என்று நம்பும் உலகத்துக்கு நடுவில் அது இயங்க வேண்டியிருக்கிறது. தானியங்கிக் கட்டமைப்புக் கருவிகளில் வைத்தால், வேலை செய்யாத நாளில் பச்சை விளக்கும் வேலை செய்த நாளில் சிவப்பு விளக்கும் எரியும். அமைப்பு எவ்வளவு அழகாயிருந்தாலும், கேட்பவன் பேசும் மொழியில் சொல்லாவிட்டால் பயன் குறைவுதான்.

என் மனத்துக்கு உகந்தது ஆன்சிபிள் எடுத்த முடிவு. அது ‘தோற்றதா’ என்பதையும் ‘மாறியதா’ என்பதையும் இரண்டு தனிக் கேள்விகளாகவே வைத்திருக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் சரி, மாறியது, தோற்றது என்று அறிக்கையில் தனித்தனியே காட்டும். மாறினாலும் மாறாவிட்டாலும் வெளியேறு குறியீடு 0. இணைய நெறிமுறையிலும் இத்தகைய தெளிவு உண்டு. பக்கம் மாறவில்லை என்பதற்கு 304 என்ற தனி எண். அது 200-களிலும் சேராது, பிழைகளுக்குரிய 400-களிலும் சேராது.

0 ஆபத்தாகும் இடம்

இவ்வளவும் சொன்னபின், ‘மாற்றம் இல்லையென்றால் எப்போதும் 0’ என்று விதி செய்துவிடலாமே என்று தோன்றும். அதற்கும் நான் உடன்படவில்லை. மேலே சொன்ன செட் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கோப்புகளில் பழைய ஆண்டைப் புதிய ஆண்டாக மாற்ற ஒருவர் எழுதுகிறார், தேடும் வடிவில் ஓர் எழுத்துப் பிழை. எதுவும் மாறவில்லை, கருவி 0 என்கிறது, பழைய ஆண்டோடு கோப்புகள் வெளியாகின்றன. இங்கே ‘ஒன்றும் மாறவில்லை’ என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டிய ஒரே செய்தி.

சோதனை நடத்தும் கருவிகளில் இது இன்னும் கூர்மை பெறும். பைத்தானின் பைடெஸ்ட் ஒரு சோதனையையும் கண்டுபிடிக்கவில்லை என்றால் 5 தருகிறது. தோற்ற சோதனைக்குரிய 1 அன்று, வெற்றிக்குரிய 0 அன்று. கோப்பின் பெயரை மாற்றியதால் சோதனைகள் கண்ணில் படாமல் போனால், ‘எல்லாம் தேர்ச்சி’ என்று சொல்வது தர்க்கப்படி சரி, நடைமுறையில் பெருங்கேடு. தேர்வுக்கு ஒருவரும் வராத மண்டபத்தில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று அறிவிப்பதுபோல. பைத்தானின் சொந்த யூனிட்டெஸ்ட் 3.12 பதிப்பிலிருந்துதான் இதே 5-ஐ ஏற்றது.

கருவி எழுதப் போகும் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டால், ‘இருக்கச் செய்’ என்னும் ஏவலுக்கு 0 தருவீர், ‘இருக்கிறதா’ என்னும் வினாவுக்கு டிஃப்பைப் போல 0-உம் 1-உம் தருவீர், மாற்றம் நடந்ததா என்று அறிய விரும்புவோருக்கு டெர்ராஃபார்ம் போலத் தனி விருப்பத்தேர்வு வையுங்கள் என்பேன். எதைத் தேர்ந்தாலும் அந்த எண்ணைப் பிழைக்குக் கொடுக்காதீர்கள், கையேட்டில் எழுதிவையுங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். இரண்டாவது அறிவுரையை மதிக்காத கருவிகளே அதிகம். எண்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாத கையேடுகளை எத்தனையோ புரட்டியிருக்கிறேன்.

என் இரவு ஸ்கிரிப்ட் இப்போது கமிட்டை நேரே அழைப்பதில்லை. முதலில் கிட் டிஃப்பை அமைதி முறையில் அழைத்து, கடைசிப் பதிவிலிருந்து ஏதேனும் மாறியிருக்கிறதா என்று கேட்கிறது. வழக்கமாக வேறுபாடு இருந்தாலும் 0 தரும் கிட் டிஃப், அமைதி முறையில் பழைய டிஃப்பின் மரபுக்கு வந்து 0 அல்லது 1 தரும். பிழை என்றால் 128 போன்ற பெரிய எண். 0 வந்தால் கமிட்டைத் தாண்டிப் போகிறது, 1 வந்தால் கமிட் செய்கிறது, வேறு எது வந்தாலும் நிற்கிறது. கமிட்டுக்குப் பின்னால் ட்ரூ இல்லை. போன மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் பூட்டுக் கோப்பு மறுபடி தங்கியது. மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு மின்னஞ்சல் வந்திருந்தது.